சிப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்

ஓடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பத்து வருஷமாக அவர்கள் புண்ணியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது, இருந்தாலும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து, கண் கூசுகிற நிறத்தில் பனியன் மாட்டிக்கொண்டு, யாரும் துரத்தாமல், எதையும் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் பத்து கிலோமீட்டர் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, மூச்சு வாங்க "சார், என் டைம் என்ன?" என்று கேட்கிற கூட்டம் அது. இவர்களில் ஒருவர்கூட பஸ் பிடிக்க ஓடி நான் பார்த்ததில்லை.

அந்த டைமைச் சொல்வதுதான் என் தொழில். அதற்கு முன் திருப்பதியில் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஒருவர் ஓட்டப் பந்தயத் தொழிலை விட்டுப் போகும்போது பெட்டி, பாய், ஒயர், மூட்டை நிறைய சிப் எல்லாவற்றையும் மொத்தமாக என் தலையில் கட்டினார். அன்றிலிருந்து சித்தூர், காளஹஸ்தி, ரேணிகுண்டா என்று இந்தப் பக்கம் எங்கே நான்கு பேர் சேர்ந்து ஓடினாலும் நான் வேனில் போய் இறங்குவேன். சொந்த ஊர் புத்தூர் பக்கம். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும்.

சிப் என்றதும் பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டை. உள்ளே மெல்லிசாக ஓர் ஆண்டெனா, கடுகளவு சில்லு, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. சும்மா தூங்கிக்கொண்டே இருக்கும். கோட்டில் நாங்கள் விரிக்கிற ரப்பர் பாய்க்குள் இன்னோர் ஆண்டெனா இருக்கிறது. அதிலிருந்து ரேடியோ அலை ஓயாமல் மேலே கிளம்பும். சிப் அந்த அலைக்குள் வந்ததும், அந்த அலையிலிருந்தே தெம்பு வாங்கிக்கொண்டு கண் விழித்துத் தன் நம்பரைச் சொல்லும். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் திடுக்கிட்டு "பிரசென்ட் சார்" என்பான் இல்லையா, அப்படி. சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். பாயோரத்தில் இருக்கும் பெட்டி அந்த நம்பரையும் அந்த நொடியையும் குறித்துக்கொண்டு என் லேப்டாப்புக்கு அனுப்பும். கூடவே 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் கீச்சுதான் இவர்களுக்கு மோட்சம்.

புறப்படுகிற இடத்தில் ஒரு பாய், பாதி வழியில் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு பாய், முடிகிற இடத்தில் ஒரு பாய். முதல் பாய் எதற்கென்றால், மேடையில் பெரிய மனிதர் கொடி அசைத்த நேரம் வேறு, கூட்டத்தின் கடைசியில் நிற்கிறவர் கோட்டைத் தாண்டுகிற நேரம் வேறு. நடுவில் மூன்று நிமிஷம் போய்விடும், சில ஊர்களில் செல்ஃபி எடுப்பதால் ஐந்து நிமிஷம். அந்த நிமிஷங்களை அவரவர் கணக்கிலிருந்து கழித்துக் கொடுப்பதற்குத்தான் முதல் பாய். நடுப் பாய் திருடர்களுக்கு. அதுவரை போகாமல் குறுக்கே திரும்பி வருகிற மகானுபாவர்களை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அலைக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று தண்ணீர். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், உடம்போடு ஒட்டிக் கிடந்தால் சிப்பின் குரலை உடம்பே குடித்துவிடும். இன்னொன்று உலோகம். சாவி, சில்லறை, மொபைல் எது பக்கத்தில் இருந்தாலும் சிப் ஊமையாகிவிடும். அதனால்தான் ஷூ லேஸில் கட்டச் சொல்கிறோம். காலில் இருந்தால் காற்றுப் படும், பாய்க்கும் பக்கம்.

இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ரேணிகுண்டாவில் ஒருவர் சிப்பை மொபைல் உறைக்குள் சொருகிக்கொண்டு ஓடிவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். காளஹஸ்தியில் ஒரு டாக்டர் சிப்பைத் தன் டிரைவர் காலில் கட்டி அனுப்பிவிட்டு, நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். மெடல் வாங்க மட்டும் தானே வந்தார். திருப்பதியில் ஒரு புருஷன் தன் காலில் ஒன்றும் பெண்டாட்டியுடையது ஒன்றும் கட்டிக்கொண்டு ஓடினான். இரண்டு பேரும் நொடி பிசகாமல் ஜோடியாக வந்ததாக ரிசல்ட்டில் இருந்தது. கேட்டதற்கு, "நாங்கள் எதையும் சேர்ந்துதான் சார் செய்வோம்" என்றான். அந்த அம்மாள் கோவிலுக்குப் போயிருந்தார்.

அமைப்பாளர்கள் இன்னும் மேல். புது வண்டிக்குப் பூஜை போடுவது மாதிரி என் பாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஓரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு தடவை தேங்காயையும் அதன் மேலேயே உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் ஒயர் சேரும் இடத்தில் இறங்கிவிட்டது. ஓட்டம் தொடங்க நாற்பது நிமிஷம் தாமதம். மைக்கில் என்னைத்தான் திட்டினார்கள்.

இப்படிப் பத்து வருஷம் பார்த்தவனுக்கு ஒரு முடிவு வந்துவிடும். மனுஷன் பொய் சொல்வான், பெட்டி பொய் சொல்லாது. இதை மேடையிலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

இனி சித்தூரில் நடந்ததைச் சொல்கிறேன்.

மழை ஓய்ந்த ஒரு மாதத்தில், ஒரு மாம்பழக்கூழ் கம்பெனி செலவு செய்து, ஒரு காலேஜ் மைதானத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். கம்பெனி மேனேஜர் மேடையில் இருந்தார். கோதாவரிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், தமிழ் ஒரு சொல் தெரியாது. உற்சாகம் தாங்காமல் மைக்கைப் பிடுங்கி ஒரு வாக்குக் கொடுத்தார். கம்பெனியில் சீசனுக்கு மட்டும் வேலைக்கு வருகிற பெண்களில் யார் முதலில் ஓடி வருகிறாரோ, அவருக்கு வருஷம் முழுக்க வேலை.

மாம்பழம் வரும் மூன்று நான்கு மாதம்தான் அந்தப் பெண்களுக்கு வேலை. மற்ற மாதங்களில் கரும்பு வெட்டவோ களை பறிக்கவோ போக வேண்டும், அதுவும் கூப்பிட்டால். வருஷம் முழுக்க வேலை என்றால் அந்தக் குடும்பமே நிமிர்ந்துவிடும். இருபது பெண்கள் ஓட வந்திருந்தார்கள். கம்பெனி கொடுத்த பனியனைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றார்கள். இவர்கள் எங்கே ஓடப்போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சிப்பை எப்படிக் கட்டுவது என்று மைக்கில் சொல்வது என் வேலை. தெலுங்கில் முழுசாகச் சொன்னேன். ஷூ லேஸை அவிழ்த்து, சிப்பின் ஓட்டையில் கோத்து, இறுக்கிக் கட்டுங்கள், கையில் வைக்காதீர்கள், பையில் போடாதீர்கள், ஓடி முடித்ததும் கூடையில் போட்டுவிடுங்கள். இவ்வளவும் சொன்னேன். அப்புறம் தமிழில் சொல்ல வேண்டும். தொண்டை கட்டியிருந்தது, டீயும் ஆறிக்கொண்டிருந்தது. கேட்கப்போகிறவர்கள் யார், நம்ம ஜனம்தானே என்ற அலட்சியம் வேறு. ஒரே வரியில் முடித்தேன்.

"தமிழ்க்காரங்க எல்லாம் சிப்ப பத்திரமா வச்சிக்கோங்க."

ஓட்டம் நடந்தது. வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். லேப்டாப்பில் வரிசை விழுந்தது. கம்பெனிப் பெண்களில் முதலாவதாக வந்தது பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண். அவளுக்கு யாரோ நல்ல ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டு நிமிஷம். நான் மைக்கில் படித்தேன். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார்.

அப்போதுதான் இன்னொருத்தி என் மேசைக்கு வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுக்கிற மெடல், காலில் செருப்புகூட இல்லை. பாதமெல்லாம் ரோட்டுத் தூசி.

"சார், என் நம்பர் படிக்கலியே. நான் அவளுக்கு முன்னாடியே வந்துட்டேன் சார்."

நம்பரைத் தட்டிப் பார்த்தேன். முதல் பாயில் இல்லை. நடுப் பாயில் இல்லை. கடைசிப் பாயிலும் இல்லை.

"எங்கம்மா வந்த? எங்கயுமே நீ இல்லியே."

"ஓடிக்கினு வந்தேன் சார். எங்கயும் நிக்கல. மெடல் குடுத்தாங்களே."

"மெடல் கூடையில குமிஞ்சு கிடக்குது. யார் வேணா எடுத்து மாட்டிக்கலாம்."

"எனக்குப் பின்னாடி வந்தவங்களக் கேளுங்க சார். என் முதுகப் பாத்துக்கினுதான் வந்தாங்க."

நான் கேட்கவில்லை. சிப் போடுகிற கூடையைக் கிளறி அவள் நம்பர் சிப்பைத் தேடி எடுத்தேன். எல்லோரும் பார்க்க, அதைப் பாயின் மேல் ஆட்டிக் காட்டினேன். கீச் என்றது. இன்னொரு தடவை ஆட்டினேன், இன்னொரு தடவை கீச் என்றது. சிப் நன்றாக இருக்கிறது. பாய் நன்றாக இருக்கிறது. அப்படியானால் பொய் யாருடையது?

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறுக்கு வழியில் வருகிற திருடன் முதல் பாயிலும் கடைசிப் பாயிலும் இருப்பான், நடுப் பாயில் மட்டும் இருக்க மாட்டான். மூன்றிலுமே இல்லையென்றால் அது திருட்டு இல்லை, சிப் ஊமையாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். இது இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். பத்து வருஷத் திமிரில் அந்த முதல் வாரம் எனக்கு மறந்துபோயிருந்தது. இன்னொன்று, முடிகிற கோட்டில் எப்போதும் ஒரு கேமரா வைப்பேன், பழைய தொழில் பழக்கம். பாய் தவறவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வைப்பது. பெட்டி பொய் சொல்லாது என்று பேசுகிறவனுக்குக் கேமராவைப் பார்க்க என்ன அவசியம்? அன்றைக்கும் பார்க்கவில்லை.

மேடையிலிருந்து மேனேஜர், என்ன தகராறு என்று கையால் கேட்டார். மைக் என் கையிலேயே இருந்தது. அவருக்குப் புரிய வேண்டுமே என்று தெலுங்கில் சொன்னேன்.

"ஈவிட அசலு பரிகெத்தலேது சார்." இந்த அம்மாள் ஓடவே இல்லை சார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மெஷின் தப்புப் பண்ணாது சார் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

மைதானம் முழுக்க நான்கு ஸ்பீக்கர். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்தது. அவள் அழவில்லை. மெடலைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். அதன் நாடாவைச் சுருட்டி மெடலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். இப்படி எத்தனை நாடகம் பார்த்திருக்கிறோம் என்று நான் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். சித்தூரில் ஒரு வேலையை முடித்துவிட்டுப் புத்தூருக்கு பஸ் ஏறினேன். வேன் ஷெட்டில் இருந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததிலிருந்து அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது ஓட்டத்தில் மெடல் வாங்குவதைவிடக் கஷ்டம். கண்டக்டர் பெண்களிடம் ஆதார் கார்டைப் பார்த்துப் பார்த்து, காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ரவிக்கைக்குள் கை விட்டு, ஒரு சின்ன துணிப் பர்ஸை எடுத்தாள். பர்ஸில் சாவிக்கொத்து இருந்தது, சில்லறை இருந்தது, நான்காக மடித்த ஏதோ ரசீது இருந்தது. நடுவில் ஆதார். காட்டிவிட்டு எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி, உள்ளே வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்தாள். அப்போது முகம் தெரிந்தது.

மெடலைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனவள். என் பெண்டாட்டி அங்கேதான் பர்ஸ் வைக்கிறாள். என் அம்மா அங்கேதான் வைத்தாள். புத்தூர் சந்தையில் காய் விற்கிற அத்தனை பெண்களும் அங்கேதான் வைக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பத்திரம் என்றால் அந்த ஓர் இடம்தான், பாங்க் லாக்கரெல்லாம் அப்புறம்.

"அம்மா" என்றேன். "அன்னிக்கு ஓடும்போது சிப்ப எங்க வச்சிருந்தீங்க?"

அன்றைக்கு நீ என்றவன் இன்றைக்கு நீங்க என்கிறேன் என்பதை அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

"இந்தப் பர்சுலதான் சார்."

"ஷூ லேசுல கட்டுங்கன்னு மைக்குல சொன்னனே?"

"அது தெலுங்குல சொன்னீங்க. ஷூ போட்டவங்களுக்குச் சொன்னீங்க. நான் ஷூ போடலியே, எதுல கட்டறது? அப்புறம் தமிழ்ல எங்களுக்குன்னு தனியா சொன்னீங்களே, பத்திரமா வச்சிக்கோங்கன்னு. அதான் பத்திரமா வச்சிக்கினேன்."

ஊர் வரும்வரை என் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அவள்தான் கேட்டாள்.

"அத இப்ப மாத்தி எழுத முடியுமா சார்?"

"பாக்கறேன்" என்றேன். உலகத்திலேயே கேவலமான சொல் அதுதான். எத்தனை அலுவலகத்தில் எத்தனை பேர் என்னிடம் சொல்லி நான் மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன்.

மறுநாள் கேமராவில் பதிந்திருந்ததை எடுத்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கோட்டுக்கு மேலே தொங்கும் பெரிய கடிகாரம் ஐம்பத்து மூன்று நிமிஷம் சொச்சம் காட்டும்போது வருகிறாள். வெறும் கால். பனியனில் வயிற்றுப் பக்கம் குத்திய நம்பர் பளிச்சென்று தெரிகிறது. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சுவலியோ என்று தோன்றும், வலது கையை நெஞ்சின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் வீசி ஓடி வருகிறாள். பர்ஸ் குலுங்கி விழுந்துவிடக் கூடாது என்று. பாயைத் தாண்டும்போது அந்தக் கையை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறாள். நான் கொடுத்த சிப், தொலைந்துவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். ஒரு கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு ஓடியும் மற்றவளைவிட நான்கு நிமிஷத்துக்கு மேல் முந்தி வந்திருக்கிறாள். பத்து கிலோமீட்டரும் அப்படியேதான் ஓடியிருக்க வேண்டும். அதே பிரேமில், ஓரத்தில் நான் தெரிகிறேன். லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கெஜம் தள்ளி அவள் ஓடுகிறாள், கீச் சத்தம் வராததால் நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீடியோவை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் காபி கொடுத்தார். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். வருத்தப்பட்டார், உண்மையாகவே. பேக்கிங் பெண்ணுக்கு அந்த வாரமே ஆர்டர் கொடுத்தாயிற்று என்றார். அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, அவளிடமிருந்து பிடுங்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு இடம் உண்டாக்க முடியுமா என்று கேட்டேன்.

"மெஷின் தப்புப் பண்ணாது என்று அன்றைக்கு நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார் தெலுங்கில். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அடுத்த சீசனில் பார்க்கலாம்."

பார்க்கலாம். எனக்கு வேண்டியதுதான்.

ஓட்டத்துக்குப் பதிவு செய்த தாளில் அவள் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். ரிசல்ட்டைத் திருத்திவிட்டேன், முதல் பெயர் உங்களுடையதுதான், ஆனால் வேலை போய்விட்டது என்றேன். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"வேல போனது போவட்டும் சார், கரும்பு வெட்டறதுக்கு இன்னும் கை கீது. ஓடவே இல்லன்னு மைக்குல சொன்னீங்களே, அத இன்னா பண்ணப்போறீங்க? எங்க ஊர்ல இப்ப என் பேரே 'ஓடாத ஓட்டக்காரி'. எம் பொண்ண ஸ்கூல்ல அப்படிச் சொல்லிக் கூப்பிடறாங்க. அவ வீட்டுக்கு வந்து, நெஜமாவே நீ ஓடுனியாம்மான்னு கேக்கறா. ரிசல்ட்டு கம்ப்யூட்டர்ல கீதுன்னு சொல்றீங்க. எங்க ஊர்ல அத எவன் பாக்கறான்? மைக்குல சொன்னத மைக்குலயே எடுங்க."

"எடுக்கறேன்" என்றேன். பாக்கறேன் என்று சொல்லவில்லை.

மாசி மாதம், மாம்பழம் வருவதற்கு முன்னால், அதே மைதானத்தில் இன்னோர் ஓட்டம் வந்தது. அதே கம்பெனி, அதே மேடை, அதே மேனேஜர். நான் கணுக்காலில் கட்டுகிற துணிப் பட்டை ஒரு பை நிறையத் தைத்துக்கொண்டு போயிருந்தேன். ஷூ போடாதவர்களும் ஓடுவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் பிடித்திருக்கிறது. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முன் வரிசையில் நின்றாள், வெறுங்காலோடு. பட்டையை வாங்கிக் கணுக்காலில் கட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

சிப் கட்டுகிற முறையை முதலில் தெலுங்கில் முழுசாகச் சொன்னேன். அப்புறம் தமிழில் முழுசாகச் சொன்னேன். அப்புறம், தமிழிலேயே, நான் ராத்திரியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். போன தடவை ஓடவே இல்லை என்று நான் சொன்ன அம்மா ஓடினாங்க. எல்லாருக்கும் முன்னால வந்தாங்க. சிப்ப எங்க கட்டணும்னு நான்தான் சரியா சொல்லல. தப்பு மெஷினோடதும் இல்ல, அவங்களோடதும் இல்ல, என்னோடது.

நன்றாகத்தான் சொன்னேன். தமிழ்ப் பெண்கள் சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். மேடையில் மேனேஜர் சிரித்த முகமாக என்னைப் பார்த்துக் கைதட்டினார். வரவேற்பு சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். மனசு லேசாகிவிட்டது, மைக்கை மேசையில் வைத்தேன்.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். மைக்கை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அன்னிக்குத் தெலுங்குலதான சார் சொன்னீங்க."